முப்பத்தேழாம் சேனல்

முப்பது வருடம் சொந்தமாக மைக் செட் வைத்திருந்தவன் நான். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் "ஆவுடையப்பன் செட்டு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தலுக்குக் கால் நடுவார்கள். இந்தத் தற்பெருமை இங்கே எதற்கு என்றால், பின்னால் நான் அடித்த கூத்தைச் சொல்லும்போது, ஏதோ கற்றுக்குட்டி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கற்றுக்குட்டியாக இருந்திருந்தால் கவனமாக இருந்திருப்பேன்.

இப்போது எனக்கு அரசாங்க உத்தியோகம். பொருநைக்கரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒலி இயக்குநர். பதவியின் பெயரைக் கேட்டு என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். வேலை திங்கட்கிழமை மட்டும்தான், மனு நாள். மற்ற நாட்களில், மைக் சத்தங்களைக் கட்டுப்படுத்துகிற மிக்ஸரைத் துடைத்து உறை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இதைவிட நல்ல வேலை எனக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது.

குரல் மனுச் சட்டம் வந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். எந்திரங்கள் நம்மைவிட நன்றாக எழுதப் பழகிய பிறகு, ஒரே ஆள் காலைக் காப்பி ஆறுவதற்குள் பத்தாயிரம் மனு போட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளையை வெட்டச் சொல்லி எங்கள் மாவட்டத்துக்கு நாலாயிரம் மனு வந்தது. ஒவ்வொன்றிலும் வேறு கையெழுத்து, வேறு கண்ணீர். நிஜமான மனு அதற்கு அடியில் எங்கேயோ அமுங்கிக் கிடந்தது. கடைசியில் சட்டம் போட்டார்கள். மனுவை மனுதாரர் நேரில் வந்து தானே சொல்ல வேண்டும், ஆட்சியர் தன் காதால் கேட்க வேண்டும், தொடர்ந்து முப்பது வினாடியாவது காதில் விழுந்திருக்க வேண்டும். வெறும் காகிதம் செல்லாது. அடுத்தவருக்காகப் பேசினால் அது தரகு.

நூற்றுக்கணக்கான பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் விடிந்துவிடும் என்பதால் குரல் பிரிப்பான் என்ற எந்திரத்தை வாங்கினார்கள். கூடத்தில் நாற்பது நாற்காலி. நாற்காலிக் கையில் ஒரு மைக், தலை சாய்க்கும் இடத்தில் காதோரமாக ஒரு குட்டி ஸ்பீக்கர். மணி அடித்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சந்தைக்கடை மாதிரி இருக்கும். எந்திரம் அந்த இரைச்சலைப் பிரித்து, ஆளுக்கொரு சேனலாக என் மிக்ஸருக்கு அனுப்பும். ஆட்சியர் மேடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குரலாகக் கேட்டுக் குறிப்பு எழுதுவார். நான் பின்பக்க மாடியில், கண்ணாடி அறைக்குள். எனக்குத் தெரிவதெல்லாம் நாற்பது பிடரி.

எங்கள் கேண்டீன் மரியபுஷ்பத்துக்கு இதெல்லாம் புரியவே இல்லை. பதினொரு மணி டீயைக் கொண்டு வந்து வைத்துவிட்டு நின்று கேள்வி கேட்பாள்.

"அண்ணாச்சி, ஒருத்தர் பேச்ச அம்மா கேக்கையில மத்தவிய வாய அடைச்சிருவியளா?"

"அடைக்க மாட்டோம். எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருப்பாவ. அம்மா காதுக்கு மட்டும் அந்த ஒருத்தர் குரல் போவும். இதோ, இந்த மஞ்சப் பொத்தான் எரியுதுல்லா, இதுக்குப் பேரு சோலோ. முப்பது வினாடிக்கு ஒருக்க தன்னால அடுத்த ஆளுக்குத் தாவிரும். சத்தமே இல்லாத சேனலா இருந்தா மூணே வினாடியில தாண்டிப் போயிரும்."

"அப்ப தன் பேச்சு இப்ப காதுல விழுதா இல்லியான்னு அவியளுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"நல்லாருக்கே. எங்க வீட்டுக்காரர்ட்ட நா பேசுத மாதிரியில்லா இருக்கு."

முதலில் நாற்காலிக்கு ஒரு விளக்கு வைத்துத்தான் பார்த்தார்கள். தன் முறை வந்தால் விளக்கு எரியும். அப்புறம் பார்த்தால் விளக்கு எரியாதவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, எரிகிறவரின் கதையை எட்டிப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். சொத்துத் தகராறு என்றால் தீர்ப்பும் அவர்களே சொல்லிவிடுவார்கள். விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

"இந்தச் சிவப்புப் பொத்தான் எதுக்கு?" என்று இன்னொரு நாள் கேட்டாள்.

"டாக்பேக். யாராவது மைக்க விட்டுத் தள்ளி உக்காந்தா, அவர சோலோவுல போட்டு இத அமுக்கிப் பிடிச்சுப் பேசுவேன். அவர் காதுக்கு மட்டும் கேக்கும். நா பேசையில என் ஸ்பீக்கர் தன்னால தணிஞ்சிரும், இந்த நீல விளக்கு எரியும். அதுக்கு டிம்முன்னு பேரு. இல்லன்னா என் சத்தமே சுத்தி வந்து ஊளை போடும்."

"நீங்க சோலோ போட்டுட்டு மறந்துட்டா?"

"தாவாம அதே ஆள்கிட்டயே நின்னுரும். ஆனா அது பச்சப்புள்ள செய்யுத தப்பு, புஷ்பம். முப்பது வருசத்துல சோலோவ ஒருநாள் மறந்தவன் இல்ல நான்."

டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும் மேலே சின்னத் திரை உண்டு. வாசலில் அந்த நாற்காலிக்குப் பதிந்தவரின் பெயர் அதில் தானாக எரியும். எனக்கு அந்தப் பொடி எழுத்து ஆகாது. மைக் செட் காலத்திலிருந்தே வெள்ளை டேப்பை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதித்தான் பழக்கம். 'சத்தக்காரர்', 'இருமல்', 'அழுகை' என்று நாற்காலிக்கு ஏற்ற மாதிரி அவசரத்துக்கு ஒட்டிக்கொள்வேன். முப்பத்தேழாம் சேனலுக்கு மட்டும் டேப் மாற்றியதே இல்லை. அதில் 'காலி' என்று எழுதியிருந்தது.

காலி என்றால் ஆள் இல்லாமல் இல்லை. வாராவாரம் ஊதாச் சட்டை போட்ட ஒரு பிடரி அங்கே வந்து உட்காரும். ஒரு சத்தம் வராது. சோலோ மூன்று வினாடி நின்று பார்த்துவிட்டு முப்பத்தெட்டுக்குத் தாவிவிடும். ஏசிக்காக வந்து உட்காருகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நானும் அப்படித்தான் எழுதிவைத்துக்கொண்டேன்.

அது பன்னிரண்டாவது திங்கட்கிழமை. முப்பத்தாறில் ஒரு வாழைத்தோட்டக்காரர், மைக்கைக் கடித்துவிடுவார் போல வாயோடு வைத்துக் கத்தினார். சேனல் சிவப்பில் துடித்தது. சோலோவை அழுத்தி, டாக்பேக்கைத் தட்டி, "ஐயா, கொஞ்சம் பின்னால சாஞ்சு உக்காந்து பேசுங்க" என்றேன். அந்த வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. சொன்னால் கேட்கிற ஜனம் என்று எனக்கு ஒரு திருப்தி. அதே நேரம் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு மரியபுஷ்பம் டீயோடும் உளுந்த வடையோடும் வந்துவிட்டாள். வடை சூடாக இருந்தது. மிக்ஸருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, அந்த ஊதாச் சட்டக்காரரு வாரா வாரம் வாராரே, அவருக்கு என்ன கொறையாம்?"

"முப்பத்தேழா? கொறையும் இல்ல, நெறையும் இல்ல. ஏசிக் காத்து வாங்க வாராரு. பன்னெண்டு வாரமா ஒரு மூச்சுச் சத்தம் கெடையாது. நா அதுக்குக் காலின்னே பேரு ஒட்டிட்டேன்."

"பாவம், பேச்சு வராத மனுசரோ என்னமோ. கீழ படியேறி வாரப்ப ஒரு கும்புடு போட்டாரு. மொகத்தப் பாத்தா காத்து வாங்க வந்த ஆளாத் தெரியல."

"பேச்சு வராட்டா என்ன? கை இருக்குல்லா? நாற்காலிக் கையிலதான் மைக்கு இருக்கு. அதுல ரெண்டு தட்டு தட்டுனாலே இங்க இடி விழுந்த மாதிரி கேக்குமே. அதுக்கும் மெனக்கெடாம உக்காந்திருந்தா நா என்ன செய்ய? நாடகம் போடுதாரு."

வடையைப் பிய்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். ஸ்பீக்கரில் சத்தம் ரொம்ப அடங்கியிருந்தது. யாரோ மெலிந்த குரல்காரரின் முறை போல என்று நினைத்தேன். பிறகு ஊர்க்கதை பேசினோம். மரியபுஷ்பம்தான் முதலில் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அம்மா எந்திரிச்சுட்டாவ."

ஆட்சியர் நஃபீசா மேடையை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். திரும்பி மிக்ஸரைப் பார்த்தேன். விரல் ஒன்று தள்ளி விழுந்து, முப்பத்தாறுக்குப் பதில் முப்பத்தேழில் சோலோ எரிந்துகொண்டிருந்தது. நாலு நிமிடம் பத்து வினாடியாக! அத்தனை நேரமும் ஆட்சியர் காதுக்கு வேறு ஒரு குரலும் போகவில்லை. மற்ற விளக்குகளில் எது எரிந்தது, எது எரியவில்லை என்று பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை. எல்லாவற்றையும் அணைக்கிற பொத்தானை ஓங்கி ஒரு குத்து குத்தினேன்.

கீழே ஆட்சியர் ஊதாச் சட்டைக்காரர் முன்னால் குனிந்து நின்றார். அந்த மனிதர் நாற்காலிக் கையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். நெட்டையாக ரெண்டு, குட்டையாக ஒன்று. டங், டங், டக். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, டேப் ஒட்டிய காகிதம். பன்னிரண்டு வாரமும் அது அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது.

ஆட்சியர் அன்று மற்ற முப்பத்தொன்பது பேரையும் திரும்ப உட்கார வைத்து முழுதாகக் கேட்டார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். அதற்கப்புறம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். படியிறங்கும்போதே ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

"உக்காருங்க ஆவுடையப்பன். முதல்ல ஒண்ணுமே கேக்கல. சில பேர் அழுகையை அடக்கிக்கிட்டு இருப்பாங்க, அதனால காத்திருந்தேன். அப்புறம் யாரோ கதவைத் தட்டுற மாதிரி சத்தம். நின்னுச்சு, மறுபடி தட்டுச்சு. எப்பவும் நான் குறிப்பேட்டைத்தான் பாத்துட்டிருப்பேன். இன்னிக்குத்தான் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பாத்தேன். முப்பத்தொம்பது வாய் அசையுது, ஒரே ஒரு வாய் மூடியிருக்கு."

மேசையில் அந்தக் காகிதம் இருந்தது. படித்துச் சொன்னார். பெயர் சங்கிலிபூதத்தான். பிறவியிலேயே பேச்சு இல்லை. மாணவியர் விடுதி ஒன்றில் தலைமைச் சமையல். நூற்றிருபது பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம் ஆக வேண்டும் என்றால் விடியற்காலை ஐந்து பத்துக்கு வருகிற பஸ்ஸை அவர் பிடித்தாக வேண்டும். ஆளில்லாத பஸ் வந்த பிறகு, அது கை காட்டினால் நிற்பதில்லை. மாடு விரட்டுகிறவருக்கும் கொட்டாவி விடுகிறவருக்கும் நின்று நின்று நொந்துபோய், உயிருள்ள குரல் "நில்லு" என்றால் மட்டும் நிற்கும்படி செய்துவிட்டார்கள். போனில் பதிந்த குரலுக்கும் நிற்காது, பிள்ளைகள் விளையாடினார்கள் என்று அதையும் அடைத்தாயிற்று. அந்த நேரத்தில் அந்த நிறுத்தத்தில் அவருக்காகக் குரல் கொடுக்க இன்னொரு ஆள் கிடையாது. பஸ் அவர் முகத்துக்கு நேரே போய்க்கொண்டே இருக்கும். ஏழு கிலோமீட்டர் நடப்பார். இன்னும் ஒருநாள் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான், தட்டினால் பஸ் நிற்கும்படி நிறுத்தத்தில் ஒரு தகடு வேண்டும்.

அந்த மனிதரைத்தான் நாடகம் போடுகிறார் என்று சொல்லியிருந்தேன்.

"மனு செல்லும்" என்றார் ஆட்சியர். "முப்பது வினாடி தொடர்ந்து என் காதுல விழணும், அவ்வளவுதான் சட்டம். விழுந்துது. ஆனா பதிவேடு உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்குது. சோலோ கைமுறையா நாலு நிமிஷம் நின்னுருக்கு. அது இயக்குநர் பிழையா, இல்ல தெரிஞ்சே செஞ்சதா? பிழைன்னா அந்த நாலு நிமிஷமும் பதிவுல இருந்து அழிஞ்சிடும். மனுவும் சேந்து போயிடும். தெரிஞ்சு செஞ்சதுன்னா மனு நிக்கும். ஒழுங்குமுறையை மீறினதுக்கு உங்க பேர்ல ஒரு குறிப்பு விழும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் நான் தியாகம் செய்தேன் என்று இங்கே எழுத வேண்டும். உண்மையைச் சொல்கிறேன். அந்த மனிதரின் பஸ் ஒரு பக்கம் இருந்தது. ஆவுடையப்பன் சோலோவை மறந்தான் என்று அரசாங்கப் பதிவேட்டில் காலகாலத்துக்கும் ஏறிவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே பதிலைத்தான் கேட்டன.

"தெரிஞ்சேதான் செஞ்சேன் மேடம்."

"ரொம்ப நன்றி" என்று எழுதிக்கொண்டார். சிரித்தாரா என்று அப்போது கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். வாயில்லாதவரைக் கேட்க வைத்த இயக்குநர் என்று உள்ளூர்ச் செய்தியில் என் படம் வந்தது. மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். ஒழுங்குக் குறிப்பு ஒன்றும் வந்தது, அதையும் சேர்த்து மாட்டலாமா என்று கேட்டாள். மூன்றாம் வாரம் நாற்பத்திரண்டு நிறுத்தங்களில் தகடு அடித்தார்கள். முதல் தகட்டைத் தட்டுவதற்கு என்னையும் மேடையில் ஏற்றி, சங்கிலிபூதத்தான் கையால் எனக்கு ஒரு துண்டு போர்த்தச் சொன்னார்கள். அவர் போர்த்தினார். என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு என்னவோ அந்தப் பார்வையை நேருக்கு நேர் வாங்க முடியவில்லை. பிறகு அவர் தகட்டைத் தட்டினார், டங், டங், டக். பஸ் நின்றது. விடுதியில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட, குண்டான் விளிம்பில் கரண்டியால் அவர் தட்டுகிற தட்டு அதுதானாம். கூட்டத்துக்கு வந்திருந்த நாலைந்து பிள்ளைகள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவே இல்லை. பதினோரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் தவறு செய்த அந்த நாலு நிமிடத்தில் பார்த்து ஏன் தட்ட ஆரம்பித்தார்?

அடுத்த திங்கட்கிழமை அதற்கு விடை மாடியேறி வந்தது. மனுக்கூட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சங்கிலிபூதத்தான் ஒரு தூக்குச் சட்டியோடு கண்ணாடி அறை வாசலில் நின்றார். மரியபுஷ்பமும் இருந்தாள். முதலில் அவளிடம்தான் போனார். சட்டியைத் திறந்தார். சொதியும் இடியாப்பமும். அவளுக்குப் பெரிய பங்கு, எனக்குச் சின்னப் பங்கு.

"எனக்கு எதுக்குங்க? நா என்ன செஞ்சேன்?" என்றாள் அவள்.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவளைக் காட்டிக் கும்பிட்டார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

அவர் மிக்ஸர் பக்கம் வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் முப்பத்தேழில் நின்றார். 'காலி' என்று நான் எழுதியிருந்த டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, பொறுமையாக உரித்தார். அடியில் அந்தச் சின்னத் திரை. அன்றைக்கும் வாசலில் அந்த நாற்காலிக்குப் பதிந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், பெயர் அதில் எரிந்துகொண்டிருந்தது. சங்கிலிபூதத்தான். பன்னிரண்டு வாரமும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, என் டேப்புக்குக் கீழே.

அப்புறம் அவர் சிவப்புப் பொத்தானின் மேல் ஒரு விரலை வைத்துத் தன் காதைக் காட்டினார்.

பதிவேட்டை அவசரமாகத் திறந்து பார்த்தேன். அன்று நான் டாக்பேக்கை அமுக்கிப் பிடிக்கவில்லை, ஒரு தட்டு தட்டிவிட்டிருக்கிறேன். தட்டினால் அது மறுபடி தட்டும் வரை திறந்தே கிடக்கும். நாலு நிமிடம் பத்து வினாடி திறந்து கிடந்திருக்கிறது, முப்பத்தேழாம் நாற்காலிக்கு மட்டும். ஸ்பீக்கர் அடங்கியிருந்தது மெலிந்த குரலால் அல்ல, டிம். நான் சாயச் சொன்னபோது சாய்ந்த தலை அவருடையது. ஏசிக் காத்து, காலி, நாடகம், அத்தனையும் அவர் காதோரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மைக் எங்கே இருக்கிறது, தட்டினால் எப்படிக் கேட்கும் என்பதும்தான். மரியபுஷ்பம் சொன்ன "பாவம்" உட்பட.

தெரிந்தே செய்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்குத் துண்டு போர்த்தியிருக்கிறார் மனிதர். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அண்ணாச்சி..." என்று ஏதோ தொடங்கினேன். அவர் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினார். அந்த விரலையும் உதட்டையும் நானும் மரியபுஷ்பமும் பார்த்தோம். முதலில் அவர்தான் தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் நாங்களும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம்.

மணி அடித்தது. அவர் கீழே இறங்கிப் போய், மனு எதுவும் இல்லாமலே முப்பத்தேழில் உட்கார்ந்தார். கூடம் பேச ஆரம்பித்தது. நான் முப்பத்தேழுக்குச் சோலோ போட்டேன், சரியான விரலால், பெயரைப் படித்துப் பார்த்து. டாக்பேக்கை அழுத்திப் பிடித்தேன். நீல விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சி, நா பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க."

பொத்தானை விட்டேன். ஸ்பீக்கரில் சத்தம் எழும்பியது. டங், டங், டக்.

மேடையில் ஆட்சியர் தலையைத் தூக்கினார். கூடத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் மேசைப் போன் அடித்தது.

"ஆவுடையப்பன், இன்னிக்கும் தெரிஞ்சேதானா?"

அன்று அவர் சிரித்தாரா என்ற சந்தேகம் அப்போது தீர்ந்துவிட்டது.

"இன்னிக்கு நெசமாவே தெரிஞ்சேதான் மேடம்" என்றேன்.